பின்கட்டு வரை கூட்ட வேண்டும்

தங்கை பிளஸ் டூ படிக்கும்போது பள்ளியில் வாங்கிவந்த விலையில்லா மடிக்கணினி அது. 2012. பதினான்கு அங்குலத் திரை, 1366க்கு 768. வரும்போது 2 ஜிபி ராம், பிற்பாடு நான் 4 ஆக்கினேன். விண்டோஸோடு கூடவே பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. டெபியனை எடுத்து சி-டாக் செய்த நம்ம நாட்டு லினக்ஸ். தங்கை வகுப்பில் ஒருத்தரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

தங்கை கல்யாணமாகி சிங்கப்பூர் போய்விட்டாள். மடிக்கணினி மட்டும் பள்ளத்தூர் வீட்டில், இரண்டாங்கட்டு அலமாரியில், பட்டுப்புடவை சுற்றும் வெள்ளைத் துணிக்குள் கிடந்தது. போன தீபாவளிக்கு எடுத்து சார்ஜ் போட்டேன். விளக்கு எரிந்தது. போனில் சொன்னபோது சிரித்தாள்: "அண்ணே, அத இன்னுமா காயலான் கடையில போடாம வச்சிருக்கீக?"

போடவில்லை. அதற்கு ஒரு வேலை வந்துவிட்டது.

ஐயாவின் அப்பா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழிலுக்கு, போனவர். மௌல்மீனில் கடை. அவர் எழுதிய பேரேடு ஒன்று மரப்பெட்டிக்குள் இருந்து கிடைத்தது. ஓரமெல்லாம் பூச்சி தின்றது போக நூற்றுச்சொச்சம் பக்கம் மிச்சம். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தாயிற்று. அதைப் பார்த்துப் பார்த்துத் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்து வைக்க வேண்டும். என் அலுவலக மடிக்கணினியை வீட்டுக் காரியத்துக்குத் தொட முடியாது. ஆக, தங்கையுடையதற்கு ஒரு லினக்ஸ் போடுவது என்று முடிவாயிற்று. முதலில் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மாட்டினேன். வேகம் வேண்டுமென்று டெஸ்க்டாப் (மெனு, பட்டை, விண்டோ எல்லாம் சேர்ந்த லினக்ஸின் முகம்) மாற்றி டெஸ்க்டாப் மாற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பழைய கணினிக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

வேலை மட்டும் நடந்தால் போதுமென்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. எனக்குக் கண்ணாடியும் வேண்டியிருந்தது: ஒரு விண்டோவின் ஊடே அதற்கு அடியில் இருப்பது தெரிய வேண்டும்.

காரணம், கல்லூரி விடுதி. 2008 வாக்கில் காரைக்குடியில் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறை அண்ணன் ஒருவர் தன் கணினியில் காம்பிஸ் என்ற, விண்டோக்களை வைத்து ஜாலம் காட்டும் லினக்ஸ் நிரலைப் போட்டுக் காட்டினார். நோவெல் 2006இல் வெளியிட்டது. திரை ஒரு பெட்டியாகச் சுழலும், விண்டோவைப் பிடித்து இழுத்தால் அல்வா மாதிரி ஆடும். எனக்கு அந்தப் பெட்டியும் பிடிக்கவில்லை, ஆட்டமும் பிடிக்கவில்லை. கட்டளை தட்டும் டெர்மினலுக்கு அடியில் இன்னொரு விண்டோ மங்கலாகத் தெரிந்ததே, அதுதான் பிடித்தது. அதற்கு முன்னால் நாங்கள் பார்த்த டெர்மினல்கள் காட்டியது பொய்க் கண்ணாடி. பின்னால் இருக்கும் வால்பேப்பரை வெட்டித் தன் பின்னணியாக ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். நடுவில் வேறொரு விண்டோ வந்தாலும் வால்பேப்பரையே காட்டும். சுவரில் ஜன்னல் வரைந்து வைத்த கதை. 2004இல், லினக்ஸில் திரையைக் கவனித்துக்கொள்ளும் எக்ஸ்.ஆர்க்கின் 6.8 பதிப்பில் காம்பாசிட் என்ற நீட்சி வந்த பிறகுதான் நிஜ ஜன்னல் திறந்தது.

அந்த நீட்சி என்ன செய்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்த டெஸ்க்டாப் கனம், எது லேசு என்பதற்கெல்லாம் விடை அங்கேதான் இருக்கிறது.

முன்பெல்லாம் ஒவ்வொரு விண்டோவும் நேரே திரையில் தன்னை வரைந்துகொள்ளும். மறைந்த பகுதியை யாரும் வரைவதில்லை. காம்பாசிட் வந்த பிறகு ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு காகிதத்தில் வரைந்து கொடுக்கிறது. எல்லாக் காகிதத்தையும் வாங்கி, எது மேலே எது கீழே என்று அடுக்கி, ஒரே படமாக்கித் திரைக்கு அனுப்புவது கம்பாசிட்டர். என் திரையில் முழு அகல விண்டோ ஒன்றின் காகிதம் எவ்வளவு? 1366 பெருக்கல் 768, புள்ளிக்கு 4 பைட். நாற்பத்திரண்டு லட்சம் பைட்டுக்குப் பக்கம், அதாவது சுமார் 4 எம்பி. பத்து விண்டோ திறந்தாலும் 40 எம்பி. பிரவுசரில் ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் இதை ஒரே வாயில் விழுங்கிவிடும். ஆக, கண்ணாடி போட்டால் நினைவகம் தின்னும் என்பது முக்கால்வாசி வீண்பழி.

கண்ணாடியாக்கும் கணக்கும் சின்னதுதான். மேல் விண்டோ நூற்றுக்கு எண்பது என்று வைத்தால், மேலே உள்ள நிறத்தில் எண்பது பங்கு, கீழே உள்ளதில் இருபது பங்கு, கூட்டு. டிகாக்‌ஷனில் பால் கலக்கிற வேலை. என் தங்கையின் கணினியில் தனி கிராபிக்ஸ் அட்டை கிடையாது, சிப்பிலேயே ஒட்டியிருக்கும் இன்டெல் கிராபிக்ஸ்தான். அதுவே இதைத் தூக்கத்தில் செய்யும்.

அப்படியானால் எங்கே இடிக்கிறது? இரண்டு இடத்தில்.

ஒன்று, எங்கள் வீட்டை வைத்துச் சொன்னால் விளங்கும். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு வாசலில் நின்றால், எல்லாக் கதவும் திறந்திருக்கும் நாளில், வளவு (திறந்த முற்றம்) தாண்டி இரண்டாங்கட்டு தாண்டி பின்கட்டுக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். பார்க்க அழகுதான். அப்பத்தா மட்டும் பொங்கலுக்கும் விசேஷத்துக்கும் தவிர நடுக்கதவைத் திறக்கவே விடமாட்டார். "தெறந்தா பின்கட்டு வரைக்கும் கூட்டணும்ல?" என்பார். கம்பாசிட்டருக்கும் இதே பாடுதான். மேலே இருக்கும் விண்டோ ஊடுதெரியாதது என்று தெரிந்தால், அடியில் இருப்பதை வரையாமல் தாண்டிப் போய்விடலாம். மேலே கண்ணாடி என்றால் விட முடியாது, அடியில் உள்ளது, அதற்கும் அடியில் உள்ளது, வால்பேப்பர் என்று கடைசிவரை கூட்டிக்கொண்டே போக வேண்டும். அதுவும் வீடியோ ஓடினால் நொடிக்கு அறுபது தடவை.

இரண்டாவது, மங்கல். ஆங்கிலப் பெயரிலேயே எல்லாரும் ப்ளர் என்கிறோம். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது பனி படிந்த மாதிரி தெரியும் அந்த அழகு. விஸ்டாவின் ஏரோ காலத்தில் பார்த்தோம், 2025இல் ஆப்பிள் லிக்விட் கிளாஸ் என்று வேறொரு விதமாகக் கொண்டுவந்தது. மங்கலாக்க, ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றியுள்ள புள்ளிகளின் நிறத்தையெல்லாம் கேட்டுச் சராசரி எடுக்க வேண்டும். சுற்றி ஐந்துக்கு ஐந்து என்று பார்த்தாலே புள்ளிக்கு இருபத்தைந்து கேள்வி. நன்றாக மங்க வேண்டுமென்றால் ஐந்துக்கு ஐந்து போதவே போதாது. இதற்குக் குறுக்குவழி உண்டு. படத்தைப் பாதியாகச் சுருக்கி, மறுபடி பாதியாக்கி, அந்தச் சின்னப் படத்தில் மங்கலாக்கி, திரும்பப் பெரிதாக்குவது. டூயல் கவாசே என்கிறார்கள். நல்ல தந்திரம்தான், ஆனாலும் 2012 கணினிக்கு மூச்சு வாங்கத்தான் செய்கிறது.

சரி, டெஸ்க்டாப்புக்கு வருவோம்.

டெபியன் 13 போட்டேன். 2025 ஆகஸ்டில் வந்தது. அதில் ஒரு வசதி, மூன்று நான்கு டெஸ்க்டாப்பை ஒரே நேரத்தில் நிறுவிக்கொண்டு, உள்நுழையும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். பிளாஸ்மா, எல்எக்ஸ்க்யூடி, எக்ஸ்எஃப்சிஇ மூன்றையும் குடிவைத்தேன். இப்படிச் செய்யாதீர்கள். மெனுவைத் திறந்தால் மூன்று டெர்மினல், மூன்று ஃபைல் மேனேஜர், மூன்று செட்டிங்ஸ். பங்காளிகள் ஆளுக்கொரு அறையைப் பூட்டி வைத்திருக்கும் வீடு மாதிரி ஆகிவிட்டது, எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று எனக்கே குழப்பம்.

பிளாஸ்மா கனம் என்பது பழைய பேச்சு. நான் பயந்த அளவுக்கு இல்லை. கண்ணாடியும் மங்கலும் பெட்டியிலிருந்து எடுத்தவுடனே வந்தன, இவ்வளவு நேர்த்தி மற்ற இரண்டிலும் கிடையாது. புத்தம்புதுக் கணினி வைத்திருந்தால் யோசிக்காமல் இதிலேயே நின்றிருப்பேன். ஆனால் பேரேட்டுப் படத்தையும் பிரவுசரையும் ஒன்றாகத் திறந்ததும் விசிறி சத்தம் போட ஆரம்பித்தது. வளவில் உட்கார்ந்திருந்த அப்பத்தா, "என்னப்பு, மிக்சி ஓடுதா?" என்று கேட்டார். அன்றைக்கே மூட்டை கட்டிவிட்டேன்.

எல்எக்ஸ்க்யூடி மூன்றிலும் இலகுவானது. எல்எக்ஸ்டிஈ, ரேசர்-க்யூடி என்ற இரண்டு டெஸ்க்டாப் சேர்ந்து 2014இல் முதல் பதிப்பு கண்டது. ஆனால் எனக்கு வந்த ஓப்பன்பாக்ஸ் விண்டோ மேனேஜரில் (விண்டோக்களை நகர்த்தி அடுக்கும் நிரல்) கண்ணாடி கிடையாது. வெளியிலிருந்து ஒரு கம்பாசிட்டர் கொண்டுவர வேண்டும். எல்லாரும் சொல்வது பிக்காம். (பி.காம் இல்லை. எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் பி.காம் மேல்தான் விழ வேண்டும், அதனால் சொல்லிவைக்கிறேன்.) எக்ஸ்காம்ப்மேனேஜர் என்று கீத் பேக்கர்டு எழுதிய சின்ன நிரல்தான் மூதாதை. அதிலிருந்து பிரிந்து பிரிந்து வந்தது காம்ப்டன், காம்ப்டனிலிருந்து பிக்காம். ஒரே ஒரு உரைக் கோப்பில் எல்லாவற்றையும் எழுதிவைக்கலாம்: நிழல் எவ்வளவு, பின்னால் போன விண்டோ எவ்வளவு மங்க வேண்டும், எந்தச் செயலிக்கு மட்டும் விதிவிலக்கு. எனக்கு இப்படிப்பட்ட கோப்பு கையில் கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம். இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால், பேரேட்டில் ஒரு வரிகூடத் தட்டச்சு ஆகவில்லை, டெர்மினல் மட்டும் பளிங்கு மாதிரி இருந்தது.

பளிங்கு என்றுதான் நினைத்தேன், அதில் தமிழ் எழுதும்வரை.

வால்பேப்பராகப் பிள்ளையார்பட்டிக் குன்றின் படம் வைத்திருந்தேன். பாறையில் வெயில் விழுந்து பொரிப் பொரியாக வெள்ளைப் புள்ளிகள். அதற்கு மேல் ஊடுதெரியும் டெர்மினலில், வெள்ளை எழுத்தில் "வட்டிக்குக்" என்று அடித்தால், மெய்யெழுத்தின் புள்ளி பாறையின் புள்ளியோடு போய்விட்டது. "வடடிககுக" என்று நின்றது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். ஆங்கிலத்தில் ஐ எழுத்தின் தலைப்புள்ளி தொலைந்தாலும் ஐ ஐயாகவே இருக்கும். நமக்குப் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். வால்பேப்பர் போட்டுப் படம் பிடித்துப் பெருமையடிக்கும் யாரும் இந்தக் கஷ்டத்தைச் சொல்லவில்லை, அவர்கள் டெர்மினலில் தமிழ் இருந்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால், பேரேட்டிலும் புள்ளி கிடையாது. ஐயாவின் அப்பா மெய்க்குப் புள்ளி வைக்காமல்தான் எழுதியிருக்கிறார், ஓலைக்காலத்துப் பழக்கம். பளபளவென்று டெர்மினலைச் செய்யப்போய் நானும் அவர் காலத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

இதில் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். விண்டோ முழுவதையும் கண்ணாடியாக்குவது வேறு, பின்னணியை மட்டும் கண்ணாடியாக்குவது வேறு. பிக்காம் போன்றவற்றில் எண்பது சதவீதம் என்று பொதுவாகப் போட்டால், எழுத்தும் சேர்ந்தே எண்பதாகிவிடும். டெர்மினலின் சொந்த செட்டிங்ஸில் போய்ப் பின்னணியை மட்டும் எண்பதாக்கினால் எழுத்து முழு அழுத்தத்தோடு நிற்கும். நான் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுவைத்திருந்தேன். எக்ஸ்எஃப்சிஇயின் பேனலிலும் இந்த இரட்டை உண்டு. பின்னணிக்குத் தனி நிறம் எடுத்து, அந்த நிறத்தின் ஊடுதெரிதலைக் கூட்டினால் பட்டை மட்டும் கண்ணாடியாகும், கடிகார எழுத்து அப்படியே இருக்கும். ஒபாசிட்டி என்ற இழுப்பானைத் தொட்டால் கடிகாரமும் சேர்ந்து ஆவியாகும். வளவில் பத்து மணி வெயிலில் உட்கார்ந்து வேலை பார்ப்பவனுக்கு இந்த வித்தியாசம் உயிர். திறந்த முற்றம், மேலிருந்து நேர் வெளிச்சம், திரையில் பாதிக்கு என் முகம்தான் தெரியும். ஆவியான கடிகாரத்தை எங்கே தேடுவது?

எக்ஸ்எஃப்சிஇக்கு வந்தது சலித்துப்போய்த்தான், ஆசைப்பட்டு அல்ல. அதன் முகம் எனக்கு எப்போதும் கொஞ்சம் சர்க்கார் ஆபீஸ். ஒலிவியே ஃபூர்தான் என்ற பிரெஞ்சுக்காரர் 1996இல் தொடங்கியது, 2005இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து அதன் விண்டோ மேனேஜருக்குள்ளேயே கம்பாசிட்டர் இருக்கிறது. மங்கல் கிடையாது. ஆட்டம் கிடையாது. நிழல் உண்டு, கண்ணாடி உண்டு, அவ்வளவே. முதலில் அதை அணைத்துவிட்டுப் பிக்காமையே இங்கேயும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்து ஓட்ட முடியாது. ஒரு திரைக்கு ஒரு கம்பாசிட்டர்தான், ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று பிக்காம் கையை விரித்துவிடும்.

(மாட்டே, சின்னமன், என்லைட்டன்மென்ட் எல்லாம் ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். எக்ஸ்.ஆர்க்கின் இடத்துக்கு வந்துகொண்டிருக்கும் வேலண்ட் பற்றியும் கேட்பீர்கள். அங்கே கம்பாசிட்டர் இல்லாமல் திரையே இல்லை என்பதால் இந்தக் கேள்வியே வேறு மாதிரி ஆகிவிடும். எனக்குப் பேரேடு முடிய வேண்டும்.)

பேரேட்டுச் சிக்கல் இதுதான். படத்தைப் பெரிதாக்கி, ஒரு வரி திரையின் அகலத்துக்கு வந்தால்தான் கையெழுத்து பிடிபடுகிறது. தட்டச்சு செய்ய மவுஸ்பேட் (எக்ஸ்எஃப்சிஇயோடு வரும் எழுதும் செயலி) விண்டோவும் வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படம் சிறுத்துவிடுகிறது. மேலும் கீழுமாக வைத்தால் பேரேட்டில் மூன்று வரி, மவுஸ்பேடில் நான்கு வரி. ஆல்ட்-டேப் அடித்து மாறி மாறிப் பார்க்கலாமே? பார்த்தேன். படம் மறைந்து திரும்பி வருவதற்குள் கண் வரியைத் தொலைத்துவிடும். எல்லா வரியும் "பற்று", "வரவு", "வட்டி" என்றே ஓடுகிற ஏட்டில் தொலைத்த வரியைத் தேடுவது, கோயில் திருவிழாவில் செருப்பைத் தேடுவது போல.

கண்ணாடிதான் வழி என்று மவுஸ்பேடை ஊடுதெரிய வைத்து, படத்தின் மேலேயே போட்டேன். எழுத்தின் மேல் எழுத்து. அவர் எழுதியதும் படிக்க முடியவில்லை, நான் எழுதியதும் படிக்க முடியவில்லை. மங்கல் போட்டால் என் எழுத்து தெரிந்தது, அவருடையது போயே போயிற்று. கண்ணாடிமேல் இருந்த பதினேழு வருட ஆசை அந்த மத்தியானம் கொஞ்சம் ஆட்டம் கண்டது என்று சொல்லலாம்.

வெறுத்துப்போய் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர, எக்ஸ்எஃப்சிஇயின் சொந்தக் கம்பாசிட்டரைத் திரும்ப இயக்கினேன். விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ், கடைசித் தாவல். அங்கே வரிசையாக இழுப்பான்கள். பின்னால் போன விண்டோவுக்கு எவ்வளவு, பாப்-அப்புக்கு எவ்வளவு. நடுவில் ஒன்று: நகர்த்தும்போது விண்டோ எவ்வளவு ஊடுதெரிய வேண்டும். இத்தனை நாள் அதைப் பார்த்திருக்கிறேன், தொட்டதில்லை. நாற்பதில் வைத்தேன். மற்றதையெல்லாம் நூறாக்கினேன்.

ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸ்பேடை எங்கே வேண்டுமானாலும் பிடித்து ஓர் இம்மி நகர்த்தினால், சட்டென்று கண்ணாடி ஆகிறது. அடியில் பேரேட்டு வரி, நான் விட்ட இடத்திலேயே. கையை விட்டால் திரும்பக் கெட்டி. எழுதும்போது என் எழுத்து மட்டும், பார்க்கும்போது அவருடையதும். வரி தொலைவதில்லை, கண் இடம் மாறவே இல்லையே.

இதைப் பிக்காமில் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எந்த விண்டோ முன்னால் இருக்கிறது, எது பின்னால் என்பதுதான். ஒன்றை யாரோ பிடித்து நகர்த்துகிறார்கள் என்பது விண்டோ மேனேஜருக்குத்தான் தெரியும், நகர்த்துவதே அதுதானே. எக்ஸ்எஃப்சிஇயில் இரண்டும் ஒரே ஆள் என்பதால் செய்தி கைமாற வேண்டியதில்லை. நியாயமாகச் சொன்னால் பிளாஸ்மாவின் விண்டோ மேனேஜரான கேவினிலும் இந்த வசதி இருக்கிறது, பின்னாடிதான் கண்ணில் பட்டது. மிக்சி சத்தத்துக்கு முன்னாலேயே பார்த்திருக்கலாம். போகட்டும்.

ஆத்தங்குடியில் பூக்கல் போடுவதைச் சின்ன வயதில் போய்ப் பார்த்திருக்கிறேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சாயக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போடுவார்கள். கல் இறுகியதும் கண்ணாடியைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். வழவழப்பு மட்டும் கல்லில் நிற்கும். மவுஸ்பேடை விடும்போதெல்லாம் ஏனோ அந்தக் கண்ணாடித் தகடு ஞாபகம் வருகிறது.

டெர்மினலுக்கும் இப்போது கண்ணாடி கிடையாது. பேனலுக்கு மட்டும், பின்னணிக்கு மட்டும், ஆசைக்குக் கொஞ்சம் வைத்திருக்கிறேன். மற்ற இரண்டு டெஸ்க்டாப்பையும் காலி செய்துவிட்டேன், மெனுவில் ஒரே டெர்மினல்.

பேரேட்டில் நாற்பது பக்கம் முடிந்தது. சாயங்காலம் வெயில் இறங்கியதும் அப்பத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். பழைய தமிழ் எண் எனக்குத் தடுமாறும், அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நேற்று ஒரு பக்கத்தின் உச்சியில் இருந்த உகரத்தை இரண்டு என்று எடுத்து, இரண்டாயிரமோ இருநூறோ என்று குழம்பிக்கொண்டிருந்தேன். தமிழ் எண் இரண்டும் உகரமும் பார்க்க ஒன்றுதானே.

"அது ரெண்டு இல்லப்பு, பிள்ளையார் சுழி. கீழ வா."

ஆல்ட்டை அழுத்தி மவுஸ்பேடை நகர்த்தினேன். அடியில் ஆள்களின் பெயர் வரிசை தெரிந்தது, மௌல்மீனில் கடன் வாங்கியவர்கள். அப்பத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தார். எனக்குக் கட்டைவிரல் வலிக்கத் தொடங்கியது, மெல்ல விட்டேன். பெயரெல்லாம் மறைந்தன.

"ஏம்ப்பு விட்டுட்டே? பிடிச்சுக்க. இன்னும் ஆறு பேர் இருக்காக."